திமிங்கிலத்துக்கு அடியில் ஓர் ஊர்

சில்வர் ஸ்பர் மோட்டல்
டக்கர் ஃபிளாட், வட கலிபோர்னியா
ஏப்ரல் 20, 2012

திரு. லோரின் ரெஸ்பீனி அவர்களுக்கு,

புதன்கிழமை சாயங்காலத்திலிருந்து நான்கு முறை போன் செய்தீர்கள். நான்கு முறையும் வைத்தது நான்தான். லைன் நன்றாகவே இருக்கிறது. ஆட்சேபம் எதுவானாலும் எழுத்தில் கொடுத்தால்தான் செல்லும் என்று என் வரவேற்பறையில், என் நாற்காலியில் உட்கார்ந்து, என் டீயைக் குடித்துக்கொண்டே நீங்கள்தானே சொன்னீர்கள்? அதனால் இனி நமக்குள் எல்லாமே எழுத்தில்.

உங்கள் திட்டத்தை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். இந்த மாவட்டத்து விடுதிகள் எல்லாவற்றையும் சேர்த்து 'சுற்றுலா வட்டாரம்' என்று ஒன்று அமைப்பார்கள். எங்கே யார் தங்கினாலும் அறை வாடகையோடு இரண்டு சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். அந்தப் பணத்தில் ஊர் ஊராக நம் மாவட்டத்துக்கு விளம்பரம் செய்வார்கள். ஜூன் 12 பொது விசாரணை. அதற்குள் எழுதிக் கொடுக்காதவர்கள் ஒப்புக்கொண்டதாகக் கணக்கு. மௌனம் சம்மதம் என்பதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள், நல்ல கூத்து. கட்டப்போகும் தொகையில் பாதிக்கு மேல் பங்குள்ள ஓனர்கள் வேண்டாம் என்று எழுதினால் திட்டம் விழுந்துவிடும்.

இதுவரை எனக்குச் சண்டை இல்லை. அப்புறம் அந்த விளம்பரப் படத்தை மேசையில் விரித்தீர்கள். உங்கள் போர்ட் ஹேடன் இருந்தது, கலங்கரை விளக்கம் இருந்தது, உங்கள் ஹெரான் விடுதியின் ஜன்னல்கள்கூட எண்ணுகிற மாதிரி இருந்தன. மலைக்கு இந்தப் பக்கம் டக்கர் ஃபிளாட் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திமிங்கிலம் நீந்திக்கொண்டிருந்தது. கடலிலிருந்து முப்பத்து மூன்று மைல் உள்ளே! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். பதினான்கு மோட்டல் உள்ள ஓர் ஊரைத் திமிங்கிலத்துக்கு அடியில் மறைத்ததை இப்போதுதான் பார்த்தேன். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நாங்கள் கட்ட, நீங்கள் கடலுக்குப் படம் போடுவீர்களா?

பதினான்கு ஆட்சேபக் கடிதங்களையும் நானே வாங்கப்போகிறேன். முன்கூட்டியே சொல்லிவிட்டேன், பிறகு முதுகில் குத்தினாள் என்று சொல்லக் கூடாது.

ஒன்றே ஒன்று மனதை அரிக்கிறது. கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான். அந்தத் திமிங்கிலத்தை அங்கே வை என்று சொன்னது யார்?

இப்படிக்கு,
ஜசுமதி பக்தா


ஹெரான் விடுதி, போர்ட் ஹேடன்
ஏப்ரல் 25, 2012

அன்புள்ள ஜசு,

'திரு. லோரின் ரெஸ்பீனி அவர்களுக்கு' என்று பார்த்ததும் வருமான வரிக்காரர்களோ என்று பயந்துபோனேன். உள்ளே இருந்தது அதைவிட மோசம்.

நான்தான் சொன்னேன். படம் வரைந்த பெண் கிர்ஸ்டன் கீழே நின்று கேட்டாள்: "சார், மலைக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு?" நான் ஏணி மேலே நின்று கூரைக் குழாயில் அடைத்திருந்த இலையை அள்ளிக்கொண்டிருந்தேன். "பெருசா ஒண்ணுமில்லம்மா, ரோடுதான். எடம் காலியா இருந்தா ஏதாச்சும் வரைஞ்சுக்க" என்றேன். அவளுக்குத் திமிங்கிலம் நன்றாக வரும். உங்கள் முன்னால் படத்தை விரிக்கும் வரை அது எங்கே படுத்திருக்கிறது என்று நான் பார்க்கவே இல்லை. சத்தியமாக.

வெட்கமாக இருக்கிறது. பதினோரு வருடமாக நாம் வாரம் ஒரு முறையாவது போனில் "ரூம் இருக்கா?" என்று கேட்டுக்கொள்கிறோம். என்னிடம் நிரம்பினால் உங்களிடம், உங்களிடம் நிரம்பினால் என்னிடம். மாதம் ஒரு தடவை உங்கள் ஊரில் பெட்ரோல் போடுகிறேன், உங்கள் வாசலில் நின்று ஒரு டீ குடிக்கிறேன். அதற்கு மேல் அந்த ஊரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

ஆனால் என் பக்கத்தையும் கேளுங்கள். ஜனவரியில் என் முப்பத்தோரு அறைகளில் இரண்டில்தான் ஆள். அதில் ஒருவர் என் கூரையைப் பழுது பார்க்க வந்தவர். மர ஆலை மூடிய பிறகு வேலை விஷயமாக இங்கே யாரும் வருவதில்லை. பக்கத்து மாவட்டத்தார் ஆறு வருடத்துக்கு முன்னாலேயே இந்த இரண்டு சதவீதத்தைத் தொடங்கிவிட்டார்கள். போன பிப்ரவரியில் சான் ஃபிரான்சிஸ்கோ பஸ்களின் முதுகிலெல்லாம் அவர்கள் கடல்தான். எங்களுடையதும் அதே கடல்தான், ஜசு. அவர்களுடையது பஸ் ஏறிவிட்டது. இப்படி இன்னும் இரண்டு குளிர்காலம் போனால் நான் கதவைப் பூட்ட வேண்டியதுதான்.

நீங்கள் ஒரு கேள்வி கேட்டீர்கள், நானும் ஒன்று கேட்கிறேன். உங்களிடம் யார்தான் வருகிறார்கள்? எதற்காக நிற்கிறார்கள்? வாதத்துக்காகக் கேட்கவில்லை. ஏணி மேலே நின்று பதில் சொன்ன நாளிலிருந்து அது என்னைக் குடைகிறது.

உங்கள்,
லோரின்


டக்கர் ஃபிளாட்
மே 9, 2012

லோரின்,

யார் வருகிறார்கள் என்று கேட்டதும் சுருக்கென்று பதில் எழுத உட்கார்ந்தேன். எனக்கே தெரியவில்லை. பெயர் கேட்கிறோம், கார் நம்பர் கேட்கிறோம், நாய் உண்டா என்று கேட்கிறோம். ஏன் நின்றீர்கள் என்று இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரைக்கூடக் கேட்டதில்லை.

அதனால் கேட்க ஆரம்பித்தேன். பத்து நாளில் அறுபத்தொரு பேர். பதிவுச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். தாகோர் பதினான்காம் அறையின் ஏசியைப் பிரித்து வைத்துக்கொண்டு, "நீ மோட்டல் நடத்துறியா, போலீஸ் ஸ்டேஷன் நடத்துறியா?" என்கிறார். இருபத்தெட்டு வருடப் புருஷன், கேலிக்குக் குறைச்சல் இல்லை.

மூன்றில் ஒருவர் உங்கள் சாலையால்தான் நிற்கிறார்கள். முப்பத்து மூன்று மைல் வளைவு. போகிறவர்களுக்குப் பயம், வருகிறவர்களுக்கு வயிறு. ஒரு தகப்பனார் உள்ளே ஓடி வந்தார்: "மேடம், ரூமெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல ஒரு பக்கெட் இருக்கா?" பிள்ளைக்கு என்று நினைத்தேன், அவருக்குத்தான். இஞ்சி டீ போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் தங்கினார்கள், கடலுக்குப் போகவே இல்லை.

ஒருவர் நாய்க்குட்டி அளவுக்கு ஒரு மைக் கொண்டுவந்தார். ஆற்றுப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டு வந்து, முகமெல்லாம் பல்லாகச் சொன்னார்: "பதினெட்டு நிமிஷம்ங்க! ஒரு விமானம் இல்ல, ஒரு லாரி இல்ல. இந்த மாநிலத்துல இப்படி ஒரு எடம் தேடி நாலு வருஷமா அலையறேன்." பதிவு செய்து என்ன செய்வீர்கள் என்றேன். "கேப்பேன்" என்றார்.

சாக்ரமெண்டோவிலிருந்து இரண்டு பெண்கள் சுத்தியலோடு வந்தார்கள். பெட்ரோல் பங்குக்குப் பின்னால் சாலைக்காக வெட்டிய மேடு இருக்கிறதே, சிவப்புக் கல், அடுக்கடுக்காக. ஆம்பளைகள் ஒண்ணுக்குப் போகும் இடம். அதைத் தடவிக்கொண்டே நிற்கிறார்கள். "அக்கா, இது கடலோட அடித்தரை. கோடிக் கணக்கான வருஷத்துக்கு முன்னாடி இது கடலுக்குள்ள கெடந்துச்சு" என்றாள் ஒருத்தி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உங்கள் திமிங்கிலம் இடம் மாறி வரவில்லை, லோரின். கொஞ்சம் நேரம் கழித்து வந்திருக்கிறது.

அப்புறம் பதினோராம் அறை. ஒரு வெள்ளி விட்டு ஒரு வெள்ளி, வடக்கேயிருந்து ஒரு கார் வரும், தெற்கேயிருந்து ஒரு கார் வரும். என் வாசலில் ஒரு சிறுமி ஒரு காரிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறுவாள், கூடவே முயல் கூண்டு. அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். அம்மா மட்டும் அறை எடுத்துத் தங்குவாள். கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. கேட்டேன். "இதுதான் ரெண்டு வீட்டுக்கும் சரியா நடுவுல இருக்கு. ஒரு மைல்கூட யாரும் அதிகமா ஓட்டக் கூடாதுன்னு வக்கீல் எழுதிட்டார்" என்றாள். "சரிம்மா, நீ ஏன் தங்குற?" என்றேன். "பின் சீட் காலியா இருக்கும். உடனே ஓட்ட முடியல" என்றாள்.

இவளும் உங்கள் இரண்டு சதவீதத்தைக் கட்டுவாள். இது எதுக்குங்க என்று கேட்டால் நான் என்ன சொல்ல? திமிங்கிலத்துக்குத்தாம்மா என்றா?

பதினான்கில் பதினொன்று கையெழுத்தாகிவிட்டது.

ஜசுமதி


போர்ட் ஹேடன்
மே 13, 2012

அன்புள்ள ஜசு,

மூன்று தடவை படித்தேன். நான்காவது தடவை, இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்த எங்கள் குழுவில் வாசித்துக் காட்டினேன். சாக்ரமெண்டோவிலிருந்து நாங்கள் அமர்த்திய ஆலோசகர் கடைசி வரை கேட்டுவிட்டு, "நல்லாருக்கு சார். ஆனா பக்கெட்டை வெச்சு போஸ்டர் அடிக்க முடியாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பிறகு எனக்கே பிடிக்கவில்லை.

எனக்குக் கேள்விகள் பெருகிக்கொண்டே போகின்றன. அந்த மைக்காரர் எந்த இடத்தில் உட்கார்ந்தார்? பாலத்துக்கு மேற்கேயா, கிழக்கேயா? சிவப்புக் கல்லில் மீன் எலும்பு ஏதாவது தெரியுமா? பக்கெட் ஆசாமி இரண்டு நாள் உங்கள் ஊரில் என்னதான் செய்தார்? நாற்பது வருடம் விடுதி நடத்திவிட்டேன், வருகிறவர்களிடம் 'கடல் பார்த்தீர்களா' என்று மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

பதினோராம் அறைப் பெண்ணுக்கு என்ன சொல்வது என்று எனக்கும் தெரியவில்லை. தெரியாததைத் தெரியவில்லை என்று எழுத்திலேயே கொடுக்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை, 18ஆம் தேதி, ஓர் அறை வேண்டும். வாடிக்கையாளனாக வருகிறேன். தள்ளுபடி கூடாது. மற்றவர்களைக் கேட்கும் கேள்வியை என்னையும் கேட்க வேண்டும்.

லோரின்


டக்கர் ஃபிளாட்
மே 21, 2012

லோரின்,

உங்கள் மூக்குக் கண்ணாடி ஏழாம் அறைக் குளியல் தொட்டி மேல் இருந்தது. தனிப் பெட்டியில் அனுப்பியிருக்கிறேன். தொட்டிக்குள் உட்கார்ந்து என்னதான் படித்தீர்கள்?

நீங்கள் தங்கியதைப் பற்றி நான் எதுவும் எழுதுவதாக இல்லை. இரண்டு விஷயம் மட்டும். குளிர்பானப் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு நாலு மணி நேரம் உட்கார்ந்தீர்களே, என் வாடிக்கையாளர்களில் இரண்டு பேர் உங்களை உளவாளி என்று நினைத்துவிட்டார்கள். அப்புறம், அந்த முயல் கூண்டை ஒரு காரிலிருந்து இன்னொரு காருக்கு நீங்கள் தூக்கிக்கொண்டு போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பெற்றோர் இரண்டு பேரும் என் வாசலில் அது வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை, முயல் உங்கள் சட்டையை நனைத்ததும் சேர்ந்து சிரித்தார்கள். பிறகு அந்தப் பெண் சாவி வாங்கும்போது, "அந்தப் பெரியவர் யாருங்க?" என்றாள். "எங்க எதிரிம்மா" என்றேன்.

உங்கள் பதிவுச் சீட்டைப் பார்த்தேன். ஏன் நின்றீர்கள் என்ற இடத்தில் 'தெரிந்துகொள்ள' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். சரி.

இதையெல்லாம் எழுதியதால் நான் இளகிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். நல்லவர் என்பது வேறு, திட்டம் என்பது வேறு. எங்கள் பணம் கடலில் கரைத்த பெருங்காயமாகப் போக விடமாட்டேன். பதினான்கு கடிதங்களும் இன்று காலை மாவட்டச் சபைக்குப் பதிவுத் தபாலில் போய்விட்டன. கடற்கரையிலும் இரண்டு பேர் தாங்களாகவே எழுதியிருக்கிறார்களாம். எல்லாம் சேர்த்துப் பாதியைத் தாண்டிவிட்டோம். உங்கள் திட்டம் முடிந்தது.

ஜசுமதி


போர்ட் ஹேடன்
மே 29, 2012

அன்புள்ள ஜசு,

கண்ணாடி வந்தது. தொட்டிக்குள் உட்கார்ந்து உங்கள் மோட்டலின் தீயணைப்பு விதிகளைப் படித்தேன். வேறு புத்தகம் இல்லை.

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். விஷயத்துக்கு வருவதற்குள் இன்னொன்றைக் கேட்டுவிடுகிறேன், ஆறப் போட்டால் மறந்துவிடும். அன்று நான் குளிர்பானப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தபோது ஒரு புதுமணத் தம்பதிக்கு வழி சொன்னீர்கள். "கலங்கரை விளக்கம் தாண்டுனதும் எடது பக்கம் திரும்புங்க. ரெஸ்பீனின்னு ஒருத்தர் இருக்கார். வாய் கொஞ்சம் நீளம், ரூம் சுத்தமா இருக்கும். மூணாம் மாடி பின்பக்க ரூமைக் கேளுங்க. காலையில ஆறும் கடலும் சேர்ற எடத்துல நீர்நாய் வரும்." என் திட்டத்தைக் கொல்லக் கையெழுத்து வாங்கிக்கொண்டே என் விடுதிக்கு ஆள் அனுப்புகிறீர்கள்! பின்பக்க அறையில் நீர்நாய் தெரியும் என்பது என் வேலையாட்களுக்கே தெரியாது.

இப்போது விஷயம். ஆட்சேபக் கடிதங்களை யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். போன வெள்ளிக்கிழமை ஆலோசகரும் நானும் போய்ப் பார்த்தோம். உங்கள் பதினான்கில் ஆறு செல்லாது. ஓனர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் மேனேஜர் போட்டிருக்கிறார். அந்த ஆறையும் அடித்துவிட்டால் நீங்கள் முப்பத்து நாலு சதவீதத்தில் நிற்பீர்கள், திட்டம் ஜெயித்துவிடும்.

வெளியே வந்ததும் ஆலோசகர் என் தோளைத் தட்டினார். "சும்மா இருங்க சார். நாம ஒண்ணுமே பண்ண வேணாம். விசாரணை அன்னிக்கு சபைக்காரங்களே அடிச்சுருவாங்க." சட்டப்படி அவர் சொன்னதில் தப்பே இல்லை.

விசாரணை முடிந்தது என்று சபைத் தலைவர் அறிவிக்கும் நொடி வரை திருத்திய கடிதம் கொடுக்கலாம். ஓனர் தன் கையால், மையால் போட்டிருக்க வேண்டும். ஃபேக்ஸ் செல்லாது.

சொல்லிவிட்டேன். இந்தத் தடவை கிழிப்பதற்கு முன்னால் தபாலில் போட்டுவிடுகிறேன்.

லோரின்


டக்கர் ஃபிளாட்
ஜூன் 2, 2012

லோரின்,

முதலில் இது ஏதோ பொறி என்று நினைத்தேன். கடிதத்தைத் தாகோரிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "பொய் சொல்றவன் நாலு தடவ கிழிச்சேன்னு எழுதமாட்டான்" என்றார். சபை அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டேன். நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை.

தப்பு என்னுடையது. ஆனால் எங்கள் குஜராத்தி ஆட்களில் யாராக இருந்தாலும் இதே தப்பைத்தான் செய்திருப்பார்கள். ஃப்ரெஸ்னோவில் இருக்கும் மாமா பணம் போட்டிருப்பார், இங்கே மருமகன் இருபது வருடமாகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பான். கூரை ஒழுகினால் அவன், போலீஸ் வந்தால் அவன், வங்கியில் அவன். எங்களுக்குள் யாரும் யாரையும் 'ஓனர் யார்' என்று கேட்பதில்லை. சாவி யார் இடுப்பில் இருக்கிறதோ அவர்தான். நான் அவர்களிடம் போய்க் காகிதத்தை நீட்டினேன், அவர்களும் போட்டார்கள்.

ஐந்து பேரைப் பிடித்துவிட்டேன். கார் எடுத்துக்கொண்டு தாகோர் ஃப்ரெஸ்னோ வரை போய்வந்தார். ஆறாவது ஆள்தான் தலைவலி. சனுபாய். அறுபத்து நாலு அறை, இந்தப் பள்ளத்தாக்கிலேயே பெரியது. அவர் இல்லாமல் பாதியைத் தாண்ட முடியாது. மனுஷர் கண் ஆபரேஷனுக்காகக் குஜராத்தில் நவ்சாரிக்குப் போயிருக்கிறார். போனில் பிடித்தேன். "ஜசு, ரெண்டு கண்ணுலயும் கட்டுப் போட்டிருக்கும்மா. எங்க போடணும்னு யாராச்சும் என் வெரலைப் புடிச்சு வெக்கணும்" என்றார். விரலைப் பிடித்து வைக்க ஏற்பாடு செய்திருக்கிறேன். கூரியரில் வருகிறது. வருமா என்பது தெரியாது.

நன்றி என்று எழுதிப் பார்த்தேன், கோபம் வந்தது. ஏன் சொன்னீர்கள், லோரின்? வாயை மூடிக்கொண்டிருந்தால் ஜெயித்திருப்பீர்களே. எனக்குக் காரணம் வேண்டும். எழுத்தில்.

ஜசு


போர்ட் ஹேடன்
ஜூன் 14, 2012

அன்புள்ள ஜசு,

தாகோர் வந்து சொல்லியிருப்பார். ஆனால் அவர் நிலைமையில் அவர் பாதியைத்தான் பார்த்திருப்பார், அதனால் முழுசாக எழுதுகிறேன்.

ஒன்றரை மணிக்கு இங்கே சபைக் கூடத்தில் விசாரணை தொடங்கியது. ஐந்து திருத்திய கடிதங்களும் செயலர் மேசையில் இருந்தன. சனுபாயின் கடிதம் வரவில்லை. பேச விரும்பியவர்கள் ஆளுக்கு மூன்று நிமிடம் பேசினார்கள். இரண்டே முக்கால் மணிக்கு எல்லோரும் முடித்துவிட்டார்கள். சபைத் தலைவர் டார்லீன் ஹாப்கூட் அம்மாள், மாட்டுப் பண்ணைக்காரர், பால் கறக்கும் நேரம் வந்துவிட்டதே என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "வேற யாராச்சும் பேசணுமா?"

ஆலோசகர் என் காதோரம், "எந்திரிக்காதீங்க சார், முடிஞ்சுது" என்றார். நான் எழுந்துவிட்டேன்.

திட்டத்துக்கு ஆதரவாகத்தான் பேசப் போனேன். பேசியதெல்லாம் உங்கள் ஆட்களைப் பற்றி. பக்கெட், பதினெட்டு நிமிஷ அமைதி, சிவப்புக் கல், சுத்தியல், முயல். இப்படிப்பட்டவர்களும் கட்டப்போகிறார்கள், அவர்களுக்கு நாம் என்ன தரப்போகிறோம் என்று யோசியுங்கள் என்றேன். மணி அடித்தது. மூன்று நிமிடம் முடிந்தது. உட்காரப் போனேன். ஹாப்கூட் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஒரு நிமிஷம் இருங்க. அந்த முயல் எந்த வீட்டுல வளருது?" என்றார்.

சபை கேள்வி கேட்டால் பதில் சொல்ல நேரக் கணக்கு கிடையாது. முயல் இரண்டு வீட்டிலும் வளர்கிறது என்றேன். வக்கீல் அதையும் எழுதியிருக்கிறாரா என்றார் இன்னொரு உறுப்பினர். அந்தச் சிவப்புக் கல் எங்கே இருக்கிறது, நான் அந்தப் பக்கம் போயிருக்கிறேனே என்றார் மற்றொருவர். இவர்கள் யாருக்குமே தெரியாது, ஜசு, என்னைப் போலவே. பதினொரு நிமிடம் நின்றுகொண்டு பதில் சொன்னேன். கதவு திறந்தது. தாகோர். முகம் வெளிறிப்போயிருந்தது. ஒரு கையில் கவர், இன்னொரு கையில் ஒரு பிளாஸ்டிக் பை. முப்பத்து மூன்று மைல் வளைவை அவர் எந்த வேகத்தில் வந்தாரோ! கவரை மேசையில் வைத்தார், பையோடு வெளியே ஓடினார்.

சனுபாயின் கையெழுத்து மலை ஏறுகிற மாதிரி சாய்ந்து போகிறது. ஆனால் அவருடையதுதான் என்று செயலர் ஏற்றுக்கொண்டார். மொத்தம் ஐம்பது புள்ளி மூன்று சதவீதம். திட்டம் விழுந்தது. இனி ஒரு வருடத்துக்கு யாரும் இதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

காரணம் கேட்டீர்கள். நல்லவன் என்பதால் இல்லை. ஆறு கடிதங்களை அடித்து நான் ஜெயித்திருந்தால், இந்த மாவட்டம் உண்மையில் என்ன நினைத்தது என்று எனக்குக் கடைசி வரை தெரியாமலே போயிருக்கும். ஏணி மேலே நின்றுகொண்டு ஒன்றுமில்லை என்று ஏற்கெனவே ஒரு தடவை சொல்லிவிட்டேன். இரண்டாம் தடவையும் அப்படியே போகவிட மனம் வரவில்லை. இப்போது தெரிந்துவிட்டது, வலிக்கிறது. குழுவிலிருந்து விலகிக்கொள்ளச் சொன்னார்கள், விலகிவிட்டேன். வரப்போகும் ஜனவரியை நினைத்தால் பயமாக இருக்கிறது, அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. நீங்கள் ஏன் வரவில்லை? கதவு திறக்கும்போதெல்லாம் நீங்கள்தானோ என்று பார்த்தேன். இவ்வளவு பாடுபட்டுவிட்டுக் கடைசி நாளில் தாகோரை அனுப்பினீர்களே.

லோரின்


டக்கர் ஃபிளாட்
ஜூன் 19, 2012

அன்புள்ள லோரின்,

புதன்கிழமை பதினான்கு மோட்டல்காரர்களும் என் வரவேற்பறையில் கூடினார்கள். டோக்ளா, ஜிலேபி, ஸ்பீக்கரில் நவ்சாரியிலிருந்து சனுபாய். ஆளாளுக்கு என் முதுகைத் தட்டினார்கள். எனக்கு ஒரு விள்ளல்கூட இறங்கவில்லை. நாங்கள் கட்ட வேண்டியதில்லை, சரி. அதனால் டக்கர் ஃபிளாட்டுக்குப் புதிதாக ஒருவர்கூட வரப்போவதில்லை. உங்களைத் தடுத்தேனே தவிர, எங்கள் ஊரை நான் யாருக்கும் காட்டவில்லை.

ஜிலேபி தீர்வதற்குள் சொல்லிவிட்டேன். அடுத்த ஜூனில் புதுத் திட்டம், அதை நாமும் உட்கார்ந்து எழுதணும், பள்ளத்தாக்கில் வசூலாகிறதில் பெரும்பங்கு பள்ளத்தாக்குக்கே என்று. பதினோராம் அறை மாதிரி கோர்ட் உத்தரவுக்காகத் தங்குகிறவர்களிடம் வாங்கக் கூடாது என்று. கத்தித் தீர்த்துவிட்டார்கள். "அந்த ரெஸ்பீனி ஒரு முயலைத் தூக்குனான்னு நீ அவன் பக்கம் சாஞ்சுட்டியா?" என்றார் சனுபாய், கண்ணில் கட்டோடு. "நாம எழுதலன்னா இன்னொருத்தர்தான் எழுதுவாங்க, பெரியப்பா" என்றேன். என்னையும் சேர்த்து நான்கு பேர் சரி என்றிருக்கிறார்கள். மற்ற பத்துப் பேருக்கு ஒரு வருடம் இருக்கிறது. குழுவில் உங்கள் நாற்காலியை விட்டது தப்பு. போய்த் திரும்ப வாங்குங்கள். பக்கத்தில் எனக்கும் ஒன்று வேண்டும். சிவப்புக் கல்லில் மீன் எலும்பு இல்லை, கேட்டுவிட்டேன். மைக்காரர் உட்கார்ந்தது பாலத்துக்குக் கிழக்கே.

நான் ஏன் வரவில்லை என்று கேட்டீர்கள். வெள்ளைக் காகிதத்தில் எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் எழுத்தில் கொடுத்தால்தானே செல்லும்.

லோரின், நான் போர்ட் ஹேடனைப் பார்த்ததே இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அந்த வளைவுகளில் வந்ததில்லை. மாவட்ட அலுவலக வேலைக்கெல்லாம் தாகோர்தான் போவார், யாராவது ஒருவர் மேசையில் இருந்தாக வேண்டுமே. மூன்றாம் மாடி, நீர்நாய், கலங்கரை விளக்கம் தாண்டி இடது பக்கம், எல்லாம் திரும்பி வருகிறவர்கள் சொன்னது. ஒருவர் சொல்வதை அடுத்தவருக்குச் சொல்வேன். யாரும் திரும்பி வந்து அங்கே அப்படி இல்லையே என்று சொன்னதில்லை.

விசாரணை அன்றைக்குக் கூரியர் வந்ததும் கார் சாவியை நான்தான் எடுத்தேன். காரில் உட்காரக்கூட உட்கார்ந்தேன். முதல் முதலாக அந்தக் கடலைப் பார்க்கப் போகும்போது, அதற்கு எதிரான ஒரு கவரைக் கையில் வைத்துக்கொண்டா போவது? இறங்கிவிட்டேன். சாவியைத் தாகோரிடம் கொடுத்தேன். பாவம், அந்த மனுஷர் இன்னும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜூலை 10, செவ்வாய்க்கிழமை, ஓர் இரவுக்கு ஓர் அறை வேண்டும். ஓர் ஆள். மூன்றாம் மாடி, பின்பக்கம். மேசையைத் தாகோர் பார்த்துக்கொள்வார். தள்ளுபடி கூடாது. வாடகையோடு அந்த இரண்டு சதவீதத்தையும் சேர்த்தே பில் போடுங்கள். நீங்கள் அதை வாங்கக் கூடாது என்று தெரியும், அதைத் தடுத்ததே நான்தான். போடுங்கள். கொடுக்கிறவருக்கு அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஜசு